நான் வெட்டிய நான்கு ரூபாய்

கஜானாவில் எனக்கென்று ஒரு மேஜையும் ஒரு கருங்கல் பலகையும் ஒரு கத்தரியும் இருந்தன. தையற்காரர் வைத்திருக்கிற கத்தரி என்று நினைத்துவிட வேண்டாம். தகரம் வெட்டுகிறவர்களிடம் இருப்பது போல முழங்கை நீளத்துக்குப் பிடி வைத்தது. கீழ்ப்பிடியை மேஜையோடு சேர்த்து இறுக்கியிருக்கும். மேல்பிடியை உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். ஒரு நாணயத்தைப் பார்த்து இது கள்ளம் என்று நான் சொல்லிவிட்டால், அது அந்தக் கத்தரிக்குள் போய் இரண்டாக விழும். இரண்டு துண்டையும் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர் அழுதாலும் சரி, சாபம் விட்டாலும் சரி, அந்தத் துண்டுகளுக்குச் சர்க்கார் ஒரு தம்பிடி தராது.

என் உத்தியோகத்துக்குச் சராப் என்று பெயர். நாணயம் பார்க்கிறவன், அவ்வளவுதான். எந்தக் கஜானா, எந்தத் தெரு என்றெல்லாம் என்னைக் கேட்கக் கூடாது. மதுரைக்குள்தான். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள் யோக்கியமானவர்கள். நான் இங்கே சொல்லப்போவது என் தப்பு, அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது.

கையில் இருக்கிற ரூபாய் எங்கிருந்து வருகிறது, தேய்ந்துபோனால் எங்கே போகிறது என்று ஜனங்கள் யோசிப்பதே இல்லை. நாங்கள் அதையே யோசித்துப் பிழைத்தவர்கள். பம்பாயில் நாணயம் அடிக்கிற மிண்ட் இருந்தது. ராஜா தலையை அங்கே அடித்து, பையில் கட்டி, மரப்பெட்டியில் வைத்து முத்திரை போட்டு, போலீஸ் காவலோடு ரயிலில் அனுப்புவார்கள். தலை தேய்ந்து மொழுக்கென்று ஆன பழைய ரூபாய்களை நாங்கள் பொறுக்கி எடுத்து, அதே மாதிரி பையில் கட்டித் திருப்பி அனுப்புவோம். ஒவ்வொரு பைக்குள்ளும் அதைப் பார்த்த சராபின் பேரெழுதிய சீட்டு ஒன்று போகும். உருக்குவதற்கு முன்னால் மிண்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு கள்ள ரூபாய் கிடந்தாலும், சீட்டில் இருக்கிற ஆள் சம்பளத்தில் பிடி என்று காகிதம் வந்துவிடும். தேய்மானம் ராஜாவுக்கு, கள்ளம் சராபுக்கு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

வேலையில் சேரும்போதே ஜாமீன் காட்ட வேண்டும். எனக்கு ஏது சொத்து? என் மாமனார் வாடிப்பட்டிப் பக்கத்தில் இருந்த தன் நஞ்சையை எனக்காக ஜாமீன் எழுதிக் கொடுத்தார். ஐந்தாறு பேர் வயிறு வளர்த்த நிலம் அது. மச்சினனுக்கு அதில் இஷ்டமே இல்லை. விசேஷ வீடுகளில் பந்தியில் உட்காரும்போதுகூட, மாப்ள காதுலதேன் எங்க வயல் இருக்கு என்று நாலு பேர் கேட்கச் சொல்லிக் காட்டுவான். கேலிதான். ஆனால் சோறு இறங்காது.

அந்தக் காது என்னை ஏமாற்றியதும் இல்லை. ரூபாயை நகத்தில் சுண்டிக் கல்லில் விட்டால், கிண்ணென்று எழுகிற ஓசை எவ்வளவு நேரம் நின்று அடங்குகிறது என்பதிலேயே நான் சொல்லிவிடுவேன். ராஜா முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. பதினொரு வருஷத்தில் என் பெயர் போட்ட சீட்டுக்கு எதிராக மிண்டிலிருந்து ஒரு காகிதமும் வந்ததில்லை. நகைக்கடைக்காரர்கள் சந்தேகம் என்றால் ஆள் அனுப்பி என்னிடம் கேட்பார்கள். தலைக்கனம் வராதா? வந்தது. ஒரு ரூபாயை இரண்டாம் தடவை சுண்டிப் பார்ப்பதே எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்ற ஆரம்பித்தது.

யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளி ரூபாய்க்கு மதிப்பு ஏறப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட, கையில் கிடைத்ததை எல்லாரும் பானையில் போட்டுப் புதைத்தார்கள். சில்லறையும் ஊரில் மறைந்துபோயிற்று. வெற்றிலைக் கடையில் ஒரு ரூபாயை நீட்டினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் கஜானாவில் ஆளுக்கு இருபது ரூபாய் வரை சில்லறை மாற்றிக் கொடுத்தோம். காலையில் கதவு திறக்கும் முன்பே வரிசை தெருவரைக்கும் நிற்கும். அந்த வரிசை முழுக்க என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறின நேரம், அந்த வரிசையில் ஒரு சௌராஷ்டிரத் தறிக்காரர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். மஹாலுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு, வீட்டில் மூன்று தறி. மறுநாள் சனிக்கிழமை, கூலி நாள். நூல் சுற்றுகிற பெண்களுக்கு அணாவும் அரையணாவுமாக எண்ணிக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் சில்லறை என்று கேட்காமலே சொன்னார். இருபது ரூபாயைத் துண்டிலிருந்து அவிழ்த்து அடுக்கி வைத்தார். நான் ஒவ்வொன்றாகச் சுண்டினேன். பதினாறு ரூபாய் ஒழுங்காகப் பேசின. நாலு ரூபாய் பொத்தென்று அடங்கிவிட்டன.

அந்த நாலும் புத்தம் புதுசு. விளிம்பில் வழக்கமான பல்வெட்டுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளமான கோடு ஓடியது. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்தால் நின்று யோசிக்கிறவன்தான் மனுஷன். நான் யோசிக்கவில்லை. கள்ள ரூபாய் அடிக்கிறவர்கள் புதுப் புது வேலையெல்லாம் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, நாலையும் ஒதுக்கி வைத்து, இவை கள்ளம் என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "இருக்காதுங்கய்யா. எங்க சாவுகார் கையால எண்ணிக் குடுத்தது. முப்பது வருசமா அவருகிட்டத்தேன் பாவு வாங்கி நெய்யுறேன்" என்றார்.

சாவுகார் என்றால் அவருக்குத் தறியில் ஏற்றுகிற பாவும் ஊடே ஓட்டுகிற நூலும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தருகிற வியாபாரி. அவரும் அதே ஜனம்தான். எனக்கு அதெல்லாம் எதற்கு? பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், சட்டென்று ஆகட்டும் என்கிறார்கள். முதல் ரூபாயைக் கத்தரியில் வைத்து அழுத்தினேன்.

அப்போதே என் கைக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் ஒளித்துவிட்டால் மற்றதைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. ஈயம் கலந்த கள்ள ரூபாய் கத்தரிக்கு வெண்ணெய் மாதிரி. இது எதிர்த்து நின்றது. முழு பாரத்தையும் போட்ட பிறகுதான் விட்டுக்கொடுத்தது. வெட்டு வாயைப் பார்த்தேன். கள்ள ரூபாயின் உள்பக்கம் சாம்பலாக இருக்கும், இல்லையென்றால் செம்பு பல்லைக் காட்டும். இது உள்ளேயும் வெளியேயும் ஒரே வெளுப்பாக இருந்தது. பெரிய சராப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாற்பது பேர் முன்னால் கள்ளம் என்று சொன்ன வாய் அதைச் சொல்லவில்லை. மற்ற மூன்றையும் வெட்டினேன்.

எட்டுத் துண்டுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்ப நான் என்ன செய்யணும் என்று கேட்டார். என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, விவரம் தெரிந்த ஆளிடம் யோசனை கேட்பது போலத்தான் கேட்டார். நான் யோசனை சொன்னேன்.

"ஒங்க சாவுகார் நல்லவராவே இருக்கட்டும். கள்ள ரூவாயக் குடுத்தவருகிட்டப் போயிக் கேளும். இங்க நின்னா என்ன கெடைக்கும்?"

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அதை நான் ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்னவன். அவர் பதினாறு ரூபாய்ச் சில்லறையையும் எட்டுத் துண்டையும் தனித்தனியாக முடிந்துகொண்டு போனார். நான் பதிவுப் புத்தகத்தில் கள்ளம் நான்கு, வெட்டித் திருப்பப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மிண்டிலிருந்து எங்களுக்கே பெட்டிகள் வந்தன. முத்திரையைச் சரிபார்த்து உடைத்து முதல் பையை என் மேஜையில் கொட்டினார்கள். எல்லாம் புது ரூபாய். ஒன்றை எடுத்துச் சுண்டினேன். பொத்தென்று அடங்கியது. இன்னொன்று, அதுவும் அப்படியே. விளிம்பைத் தடவினேன். பல்வெட்டுக்கு நடுவே அந்தக் கோடு. ஒரு பை முழுக்கக் கள்ளம் என்று நான் பதறியடித்து எழுந்ததைப் பார்த்துப் பெரிய சராப் சிரித்துவிட்டார்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர், நிதானமான மனுஷர். உட்காரச் சொன்னார். யுத்தத்துக்கு வெள்ளி போதவில்லை, அதனால் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், சத்தம் முன்னே மாதிரி எழும்பாது, கள்ளம் அடிக்கிறவன் போட முடியாதபடி விளிம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினார். பிறகுதான் அதைச் சொன்னார். "மேலேருந்து இதப் பத்திச் சுத்தறிக்கை வந்துச்சேப்பா. நீயுந்தான கையெழுத்துப் போட்ட?"

கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தின தேதி. பாதி வெள்ளி, மந்தமான ஓசை, விளிம்புக் கோடு எல்லாம் வரிவரியாக இருந்தது. கீழே எல்லார் கையெழுத்தும் இருந்தது. என் கையெழுத்து நடுவில், மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக. அந்த நாட்களில் காகிதம் மழையாகக் கொட்டியது. வீட்டு விளக்கை மறைப்பது, ரயில் சீட்டு, பெட்ரோல் என்று எங்களுக்குச் சம்பந்தமே இல்லாததெல்லாம் வரும். பியூன் கட்டோடு கொண்டுவந்து நீட்டுவான், நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். நாணயத்தைப் பற்றி எனக்குக் காகிதத்தில் சொல்லித் தருகிறவன் எவன் என்ற திமிர்.

பெரிய சராபிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. பதிவுப் புத்தகத்தைத் திறந்து என் எழுத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். அப்புறம் என் நன்மைக்காகத்தான் சொன்னார். அந்த ஆள் மனு எழுதிக் கொண்டுவந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், நீயாகப் போய் எதையும் எழுத்தில் கொடுக்காதே, கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கைக்கு விரோதமாகச் சர்க்கார் நாணயத்தை வெட்டியவன் என்று ஆகிவிட்டால் வேலையும் போகலாம், ஜாமீன் மேலும் கை வைக்கலாம் என்றார். ஜாமீன் என்ற வார்த்தை வந்ததும் என் கண்முன் வந்தது மாமனாரின் நெல் வயல். அதைத் தொடர்ந்து மச்சினன் முகம்.

இரண்டு நாள் கழித்து எங்கள் பியூன் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னான். அவன் வீடு அந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. நான் ரூபாய் வெட்டிக் கொடுத்த தறிக்காரர், அன்றைக்கே நேரே சாவுகார் கடைக்குப் போயிருக்கிறார். வெளியூர் வியாபாரிகள் நாலைந்து பேர் உட்கார்ந்து சேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே மெத்தையில் எட்டுத் துண்டையும் வீசி, முப்பது வருசம் என் ரத்தத்தை நெய்து கொடுத்ததுக்கு நீர் கொடுத்த கூலி இதுதானா, கள்ளப்பணம் அடிக்கிறவர் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று கத்தியிருக்கிறார். சாவுகார் அவருக்குப் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். மூன்று தறியும் சும்மா கிடக்கின்றன. சர்க்கார் கஜானாவே கள்ளம் என்று வெட்டிக் கொடுத்த பிறகு அந்த மனுஷன் வேறு எதை நம்புவான் என்று பியூன் கேட்டான். வெட்டியது நான்தான் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லையோ, இருந்தும் சொன்னானோ, தெரியாது.

நியாயமாக நான் அன்று சாயங்காலமே போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினேன். நடுவில் ஒரு கிருத்திகைக்குத் திருப்பரங்குன்றம் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். முருகனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அந்த ஆள் மனு கொடுக்கக் கூடாது என்று. தூ, இதுவும் ஒரு பிரார்த்தனையா!

கடைசியில் என்னைக் கிளப்பியது பயம்தான், நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ராத்திரியில் சோறு செல்லவில்லை, பெண்டாட்டி உடம்புக்கு என்ன என்று கேட்கிறாள், சொல்லவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு ரூபாயை மடியில் முடிந்துகொண்டு மஹாலுக்குப் பின்பக்கம் நடந்தேன். தெரு முழுக்கத் தறிச்சத்தம், வாசலுக்கு வாசல் நூல் காய்கிறது. அவர் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளிறிப்போயிற்று. கள்ள ரூபாய் விஷயமாக விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் உட்காருவதற்குள் தனக்கு ஒன்றும் தெரியாது, கொடுத்ததை வாங்கினேன், வாங்கினதைக் கொண்டுவந்தேன் என்று சத்தியம் பண்ண ஆரம்பித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். தறிக் குழிகள் மூன்றும் வெறுமனே கிடந்தன. ஒன்றின்மேல் பலகை போட்டு மிளகாய் வற்றல் கொட்டி வைத்திருந்தார்கள்.

நான் பூசி மெழுகவில்லை. "அண்ணே, அந்த நாலு ரூவாயும் நல்ல ரூவா. நாந்தேன் தெரியாம வெட்டிட்டேன்" என்றேன். புது ரூபாய் வந்த கதையைச் சொன்னேன். சுற்றறிக்கையைச் சொன்னேன். முதல் வெட்டிலேயே எனக்குச் சந்தேகம் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அவரு என்னைய ஏமாத்தலையா?" என்றார். மனைவி பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் அதையே சொன்னார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷச் சிநேகம் பொய்யாகிவிட்டது என்று அந்த மனுஷன் பதினைந்து நாளுக்கு மேலாக நெஞ்சுக்குள் அழுதுகொண்டிருந்திருக்கிறார். அது பொய்யில்லை என்று தெரிந்த சந்தோஷம்தான் முதலில் வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல அந்த முகம் விழுந்ததையும் நான் உட்கார்ந்து பார்த்தேன். தான் கடையில் என்ன பேசினோம் என்பது அவருக்கு ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

நாலு ரூபாயைக் கொடுத்தேன். வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு உடனே கடைக்குப் போனாள். வீட்டில் அரிசி இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சாவுகாரிடம் நானே வந்து சொல்கிறேன், கிளம்புங்கள் என்றேன். அவர் மேல்துண்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

சாவுகார் அவரைவிட மூத்தவர். வெள்ளை விரிப்பு மெத்தையில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தறிக்காரர் உள்ளே ஏறவில்லை, படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். நான் யாரென்பதைச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். சாவுகார் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கல்லாப்பெட்டியைத் திறந்து எட்டுத் துண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த ரூபாய்களை மெட்ராஸில் ஒரு பெரிய பேங்கில் தானே நின்று எண்ணி வாங்கி வந்ததாகவும், அவை நல்ல ரூபாய் என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றும் சொன்னார். நாலு ரூபாய் தனக்குப் பெரிசில்லை. தனியாக வந்து இது என்ன என்று கேட்டிருந்தால் நாற்பது வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன் என்றார். அதைச் சொல்லும்போது படியைத்தான் பார்த்தார். வெளியூர் வியாபாரிகளில் இரண்டு பேர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. அவர் கொடுக்கிற ரூபாயைத் தெருவில் கல்லில் தட்டிப் பார்த்து வாங்குகிறார்களாம். அறுபது வயசில் இந்தப் பெயர் எனக்கு வேண்டுமா என்று கேட்டார். குரல் உயரவே இல்லை.

நான் கையைக் கூப்பினேன். தப்பு என்னுடையது, அவருக்குப் பாவு கொடுங்கள் என்றேன்.

சாவுகார் கல்லாப்பெட்டியை மூடினார். ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீங்க இப்ப வாயால சொன்னத எழுதிக் குடுங்க தம்பி. பேரு, உத்தியோகம் எல்லாம் போட்டு. கடை வாசல்ல ஒட்டுறேன். எம் பேருல பட்ட கறை தொடைஞ்சு போகும். இன்னைக்கே மூணு தறிக்கும் பாவு குடுத்துவிடுறேன்."

அதைவிட நியாயமான கேள்வி உலகத்தில் கிடையாது. பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. கடை வாசலில் ஒட்டினால் ஒரே நாளில் ஊருக்குத் தெரியும், மறுநாள் கஜானாவுக்குத் தெரியும். எழுத்தில் எதுவும் கொடுக்காதே என்று பெரிய சராப் சொன்னது காதுக்குள் கேட்டது. பன்னிரண்டு நாள் மறைத்தவன் என்பதும் சேர்ந்துகொள்ளும். வேலை போகும், வயல் போகும், பெண்டாட்டி பிறந்த வீட்டில் தலை நிமிர முடியாது. பேனா முனையிலிருந்து மை ஒழுகிக் காகிதத்தில் பரவுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தறிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். படியேறி என் பக்கத்தில் வந்து குனிந்து, எழுதினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். நான் சொன்னேன். வேலை, ஜாமீன், மாமனார் வயல், எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அவர் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் சொன்னேனோ என்னவோ. அதை இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் காகிதத்தை என் கைக்குக் கீழேயிருந்து இழுத்துக்கொண்டார். "வேண்டாங்கய்யா. ஒரு வீட்டுல அடுப்பு அணைஞ்சது போதும். நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்தவன் நாந்தேன். என் கை இருக்கு, எங்கயாச்சும் பொழைச்சுக்குவேன்" என்றார்.

சாவுகார் என்னைப் பார்த்தார். நான் அந்தக் காகிதத்தைத் திரும்பக் கேட்கலாம். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். அவர் எனக்காகக் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் பேனாவை மூடி மெத்தையில் வைத்தேன். நெஞ்சுக்குள் பாரம் இறங்கின மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு பரமக்குடிக்குப் போய்விட்டதாகப் பியூன் சொன்னான். அங்கே மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் கூலிக்கு நெய்கிறாராம். சொந்தத் தறி வைத்து மூன்று குடும்பத்துக்குக் கூலி கொடுத்த மனுஷன். நான் பரமக்குடிக்குப் போகவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு சராப் இதே தப்பைச் செய்தான். நல்ல ரூபாய் ஆறைக் கள்ளம் என்று வெட்டிவிட்டான். சின்ன வயசு, பயம் தெரியாதவன். அன்றைக்கே தானாகப் போய்க் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். நாங்கள் எல்லாரும் அவன் கதை முடிந்தது என்று நினைத்தோம். பெரிய சராப்கூடத் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வெட்டிய ஆறு ரூபாயை உரியவருக்கு அவன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், இனிமேல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஜாமீன் பேச்சே அதில் இல்லை.

அவன் அந்த ஆறு ரூபாயைக் கட்டிவிட்டு, தப்பித்த சந்தோஷத்தில் எங்கள் எல்லாருக்கும் பக்கத்துக் காபி கிளப்பிலிருந்து காபி வரவழைத்தான். என் மேஜையிலும் ஒரு தம்ளர் வைத்தார்கள். அது ஆறி ஆடை படிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் குடிக்க முடியவில்லை.